கோபன்ஹேகன்: வரலாற்று வாத்தியார் அப்பாவுக்கும் 13 வயது பையனுக்கும் சேர்த்து எந்தெந்த மியூசியம்?

மாயவரத்துக்காரி

அக்டோபர் கடைசி வாரம் கோபன்ஹேகன் போகிறோம். கணவருக்கு அங்கே ஆபீஸ் வேலை, காலையில் போனால் இரவுதான் வருவார், அதனால் அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நானும் பையனும் அப்பாவும்தான் சுற்ற வேண்டும். வியாழன் மதியம் இறங்குகிறோம், ஞாயிறு இரவு விமானம்.

அப்பா பொறையாறு பக்கம் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவர், இப்போது ஓய்வு. தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைக்கு வருஷா வருஷம் பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு போய் ஒவ்வொரு சுவரையும் காட்டியவர். டிக்கெட் போட்ட நாளிலிருந்து "அந்த ராஜாவோட ஊருக்கா போறோம்" என்று ஒரே பேச்சு. பையன் நேர் எதிர். மியூசியம் என்றாலே முகம் தொங்கிவிடும், வைக்கிங் என்றால் மட்டும் வருவான்.

இணையத்தில் தேடினால் எல்லாப் பட்டியலிலும் அதே பத்து இடம், அதே கடற்கன்னி சிலை. இருக்கிற நேரத்தில் உண்மையில் எதைப் பார்க்கலாம், எதை விடலாம்? தரங்கம்பாடி சம்பந்தமாக அங்கே ஏதாவது இருக்கிறதா? அப்பாவுக்கு முட்டி வலி உண்டு, நடப்பார், ஆனால் படி என்றால் யோசிப்பார். சாப்பாடு சைவம். அந்த ஊர் மியூசியம் பாஸ் வாங்கலாமா என்றும் சொல்லுங்கள்.

வடகடல்வாசி

இங்கேதான் வேலை செய்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக் காட்டும் பொறுப்பு என் தலையில்தான் விழும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பா வருகிறார் என்றால் பட்டியலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள்: நான்காம் கிறிஸ்டியான். 1616-இல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தது இவர்தான். 1618-இல் ஓவே கெட்டே (Ove Gjedde) என்ற இளைஞனின் தலைமையில் கப்பல்களை அனுப்பியதும் இவர்தான். அந்த ஆள் பாதிக் கூட்டத்தை வழியிலேயே சாகக் கொடுத்துவிட்டு வந்து, 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுத்தான் தரங்கம்பாடிக் கோட்டை எழுந்தது. அதே ராஜா அதே காலத்தில் கோபன்ஹேகனில் கட்டித் தள்ளியிருக்கிறார். இந்த ஊரின் பழைய பகுதியில் எந்தக் கட்டடத்தைக் காட்டி யார் கட்டியது என்று கேட்டாலும் பாதி நேரம் அவர் பெயர்தான் வரும். அரண்மனை, கோபுரம், பங்குச்சந்தை, கப்பற்படை ஆட்கள் குடியிருக்க வரிசை வீடுகள், கால்வாய் வெட்டிய ஒரு முழு நகர்ப்பகுதி. கடைசியில் கஜானா காலி, அது வேறு கதை.

அதனால் வெள்ளிக்கிழமையை ரோசன்போர்க் அரண்மனையில் ஆரம்பியுங்கள். 1606-இல் அவர் தனக்காகக் கட்டத் தொடங்கிய தோட்ட வீடு அது, பிறகு பெரிதாகிக்கொண்டே போனது. பிரம்மாண்ட அரண்மனை என்று எதிர்பார்க்காதீர்கள். சின்னச் சின்ன அறைகள், இருட்டு மர வேலைப்பாடு, ஒவ்வொரு அறையிலும் சாமான்கள் நெருக்கமாக இருக்கும். அங்கே இரண்டு பொருளை விடவே கூடாது. ஒன்று, பையனுக்கு: உட்கார்ந்தவரின் கையைப் பிடித்து மாட்டிக்கொள்ளும் நாற்காலி. மாட்டியதும் பிடரியில் தண்ணீர் ஊற்றும், எழுந்திருக்கும்போது பீப்பீ என்று ஊதும், விருந்தாளிகளைக் கேலி செய்ய வைத்திருந்தாராம் ராஜா. இன்னொன்று, அப்பாவுக்கு: 1644 கடற்போரில் ராஜாவுக்கு ஒரு கண் போனது, அன்று போட்டிருந்த உடுப்பு ரத்தக்கறையோடு அப்படியே இருக்கிறது. அது போதாதென்று, அவர் உடம்பிலிருந்து எடுத்த குண்டுச் சிதறல்களைக் காதணியாகச் செய்து காதலிக்குக் கொடுத்திருக்கிறார். சின்ன எனாமல் கை ஒன்று அந்த இரும்புத் துணுக்கைப் பிடித்திருப்பது போன்ற வேலைப்பாடு. கண்ணாடிக்குள் ரொம்பச் சின்னதாக இருக்கும், தேடிப் பாருங்கள்.

அடித்தளத்தில் கிரீடங்கள். 1596-இல் இவர் முடிசூட்டிக்கொள்ளச் செய்த கிரீடம் கிட்டத்தட்ட 3 கிலோ, முழுக்கத் தங்கமும் முத்தும் வைரமும். மேல் மாடியில் சிம்மாசனம், அதற்குக் காவலாக மூன்று வெள்ளிச் சிங்கங்கள். அந்தச் சிம்மாசனத்தை ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பில் செய்தது என்று அந்தக் காலத்தில் சொல்லி வைத்திருந்தார்கள், உண்மையில் நார்வால் என்ற திமிங்கலத்தின் தந்தம்.

ஒரு பிரச்சினை: ரோசன்போர்க்கில் லிஃப்ட் கிடையாது. கல்லில் செதுக்கிய சுழல் படி. அப்பாவைக் கீழ்த்தளமும் கருவூலமும் மட்டும் பார்க்க வைத்து, மேல் மாடிக்குப் பையனை நீங்கள் அழைத்துப் போகலாம். கண் உடுப்பு, நாற்காலி எல்லாம் கீழேயே இருக்கிறது, அதனால் அவருக்குப் பெரிய நஷ்டமில்லை. டிக்கெட்டை நேரம் குறித்து முன்பே வாங்கிவிடுங்கள், பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள்.

அங்கிருந்து தோட்டத்தின் வழியாக வெளியே வந்தால், சாலைக்கு எதிரே டேவிட் கலைத்தொகுப்பு. எப்போதும் இலவசம். இஸ்லாமியக் கலைக்கு ஐரோப்பாவில் இவ்வளவு நல்ல இடம் குறைவு. முகலாய, தக்காணச் சிற்றோவியங்கள் எல்லாம் உண்டு. கூட்டமே இருக்காது, லிஃப்ட் உண்டு, அப்பா கால் ஆறலாம்.

மாலையில் வட்டக் கோபுரம், 1642-இல் முடித்தது, அதே ராஜா. இதில் படியே இல்லை, செங்கல் பாவிய சரிவுப் பாதை 209 மீட்டர் சுற்றிச் சுற்றி மேலே போகும். 1716-இல் ரஷ்ய ஜார் பீட்டர் இதில் குதிரையிலேயே ஏறிப் போனார், என்றால் முட்டி வலிக்காரரும் மெதுவாக ஏறிவிடலாம். கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் குறுகலான படி, வேண்டாமென்றால் அதற்குக் கீழேயே நின்றுகொள்ளலாம். மூன்று இடமும் நோர்ரபோர்ட் ஸ்டேஷனைச் சுற்றி நடக்கிற தூரம்தான்.

தேசிய மியூசியத்தைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இப்போது மீட்டிங்.

கணக்குப்பிள்ளை

பாஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. கோபன்ஹேகன் கார்டு என்று ஒன்று உண்டு, மியூசியம், மெட்ரோ, ரயில் எல்லாம் சேர்த்து. பெரியவர்களுக்கு நல்லதுதான், ஆனால் ஒரு நாளைக்கு மூன்று இடம் ஓடினால்தான் காசு கட்டும். அப்பாவின் முட்டியோடு மூன்று இடம் ஓட முடியுமா என்று நீங்களே முடிவு பண்ணுங்கள். ஒரு மியூசியத்துக்குப் பெரியவர் டிக்கெட் 100 டேனிஷ் குரோனரிலிருந்து 150-ஐத் தாண்டியும் போகும், ஒரு தாளில் போட்டுக் கூட்டிப் பாருங்கள்.

பையனுக்குக் கார்டு எடுக்காதீர்கள். தேசிய மியூசியம், ரோசன்போர்க், கிளிப்டோடெக், லூசியானா என்ற கலை மியூசியங்கள் எல்லாமே 18 வயதுக்குக் கீழ் இலவசம். அவனுக்கு ரயில் டிக்கெட் மட்டும் குழந்தைக் கட்டணத்தில் எடுத்தால் போதும்.

இலவச இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். டேவிட் தொகுப்பு மேலே சொல்லியாயிற்று. கிறிஸ்டியான்ஸ்போர்க், அதாவது நாடாளுமன்றம் இருக்கும் அரண்மனை, அதன் கோபுரம் 106 மீட்டர், லிஃப்ட் உண்டு, காசு கிடையாது. பாதுகாப்புச் சோதனைக்கு வரிசை இருக்கும், அவ்வளவுதான். வியாழன் மதியம் இறங்கி ஜெட்லாகோடு உட்கார்ந்திருப்பதற்கு அதில் ஏறிவிட்டால் ஊரின் அமைப்பு ஒரே பார்வையில் புரிந்துவிடும். பல மியூசியங்களுக்குத் திங்கள் விடுமுறை, நீங்கள் அதற்குள் கிளம்பிவிடுகிறீர்கள், தப்பித்தீர்கள்.

கடற்கன்னி சிலைக்கு என் பதில்: வேண்டாம். 1.25 மீட்டர் உயரச் சிலை, அதைச் சுற்றி நூறு பேர், பின்னால் துறைமுகப் புகைபோக்கிகள். போக வர ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும்.

பனங்காட்டான்

வணக்கம் அக்கா. நாங்கள் டென்மார்க்கின் மற்றப் பக்கம், யூலாண்டில் ஹெர்னிங் பகுதியில் இருக்கிறோம். எண்பதுகளில் வந்த எங்கட சனம் அநேகமாக இந்தப் பக்கம்தான், கோபன்ஹேகனில் குறைவு. அதாலை எங்கட தமிழ்க் கோயில் எண்டு தேடினால் இந்தப் பக்கம்தான் வரவேணும், பிரண்டேயில் அபிராமி அம்மனும் ஹெர்னிங்கில் பிள்ளையாரும்தான், ரயிலில் மூன்று மணித்தியாலம் வரும். இந்தப் பயணத்தில் அது சரிவராது.

பிள்ளைக்கு வைக்கிங் எண்டால் ரொஸ்கில்டேக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ. கோபன்ஹேகன் பெரிய ஸ்டேஷனில் இருந்து அரை மணித்தியாலம்தான். அங்கே வைக்கிங் கப்பல் மியூசியம் கடலோரத்தில் இருக்கு. 1070 ஆம் ஆண்டளவில் எதிரி வராமல் இருக்க ஃபியோர்டின், அதாவது நிலத்துக்குள் நீளமாக நுழைஞ்ச கடலின், வாய்க்காலுக்குள் பழைய கப்பல்களைக் கல்லை நிரப்பித் தாட்டு வழியை அடைச்சவை. 1962-இல் கடலுக்குள் சுற்றிவர அணை கட்டி, தண்ணியை இறைச்சு, ஆயிரக்கணக்கான மரத்துண்டாக எடுத்து ஐந்து கப்பலாகப் பொருத்தி வைத்திருக்கினம். மரம் கறுத்துப்போய் இரும்புச் சட்டத்தில் நிக்கும், மிச்சத்தைக் கம்பி காட்டும். அதில் நீளமான போர்க்கப்பல் டப்ளின் பக்கம் கட்டினது, மரத்தின் வளையத்தை வைத்துக் கண்டுபிடிச்சவை. அதே அச்சில் புதுசாக ஒன்று கட்டி 2007-இல் டப்ளினுக்கே கடலில் ஓட்டிப் போனவை. வெளியில் படகுப் பட்டறையில் கோடாலியால் பலகை செதுக்கிறதைப் பிள்ளை பார்க்கலாம். படகில் ஏறித் துடுப்புப் போடுற சீசன் அக்டோபர் கடைசியில் முடிஞ்சிருக்கும், அதை முதலே சொல்லிவையுங்கோ, பிறகு அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருப்பான். புதுக் கட்டடம் கட்டுற திட்டமும் இருக்கு, எது திறந்திருக்கு எண்டு அவையின்ரை தளத்தில் பார்த்திட்டுப் போங்கோ.

அதே ஊரில் பேராலயம் இருக்கு, டென்மார்க் ராசாக்களை அடக்கம் செய்யிற இடம், யுனெஸ்கோ பட்டியலில் 1995-இல் சேர்த்தது. உங்கட அப்பா தேடுற நான்காம் கிறிஸ்டியானும் அங்கேதான் கிடக்கிறார், தனி மண்டபம், சுவர் முழுக்க அந்தக் கண் போன சண்டையின்ரை ஓவியம். இன்னொருவரும் அங்கே இருக்கிறார், நான்காம் பிரெடெரிக். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கின மிசனரி சீகன்பால்குவை அனுப்பிவைத்த ராசா. தரங்கம்பாடிப் புதிய எருசலேம் தேவாலய முகப்பில் கிரீடம் போட்ட எழுத்து இருக்கெல்லோ, அது இவரின்ரைதான். அப்பாவுக்குச் சொல்லுங்கோ, சந்தோசப்படுவார்.

பிள்ளைக்கும் ஒன்று: அங்கே ஒரு தூணில் வந்துபோன ராசாக்களின்ரை உயரத்தைக் கோடு போட்டு வைத்திருக்கினம். முதலாம் கிறிஸ்டியான் 219 சென்டிமீட்டர் எண்டு எழுதியிருக்கு, சும்மா பெருமைக்கு. எலும்பை அளந்தால் 188 தானாம். அவனும் தன்னை அளந்து பார்க்கட்டும்.

கவனம், ஞாயிறு காலையில் ஆராதனை. மத்தியானத்துக்குப் பிறகுதான் பார்க்க விடுவினம்.

வடகடல்வாசி

மீட்டிங் முடிந்தது. பனங்காட்டான் அண்ணன் சொன்ன ரொஸ்கில்டேயை அப்படியே வழிமொழிகிறேன், ஞாயிற்றுக்கு அதுதான் சரி. காலையில் கப்பல், மதியம் பேராலயம், மாலை நேரே விமான நிலையம். பெட்டிகளை ஓட்டலிலோ ஸ்டேஷன் லாக்கரிலோ விட்டுவிடலாம்.

இப்போது தேசிய மியூசியம். பெரிய கட்டடம், எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் மூவரும் சண்டை போட்டுக்கொண்டுதான் வெளியே வருவீர்கள். கீழ்த்தளத்தில் இருக்கும் டென்மார்க்கின் ஆதிகாலப் பகுதி, அது தவிர காலனிகள் பகுதி, இந்த இரண்டும் போதும்.

ஆதிகாலப் பகுதியில் சூரிய ரதம் இருக்கிறது. 1902-இல் ட்ரண்ட்ஹோம் சதுப்பு நிலத்தை உழுதபோது கலப்பையில் சிக்கியது, கிட்டத்தட்ட 3,400 வருஷப் பழசு. ஒரு வெண்கலக் குதிரை, பின்னால் ஒரு வட்டத் தட்டு, ஆறு சக்கரம். தட்டின் ஒரு பக்கம் மட்டும் தங்கத் தகடு, மறு பக்கம் வெறும் வெண்கலம். பகலில் வானத்தில் ஒரு திசையில் போகிற சூரியன், இரவில் ஒளியில்லாமல் திரும்பி வருகிறது என்று அவர்கள் நினைத்திருக்கலாம் என்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி நடந்து இரண்டு பக்கத்தையும் பாருங்கள், நிறையப் பேர் தங்கப் பக்கத்தைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அதைவிட என்னை நிற்க வைத்தது எக்ட்வெட் பெண். 1921-இல் கிடைத்த ஓக் மரச் சவப்பெட்டி, கி.மு. 1370-ஐச் சேர்ந்தது. பதினாறு பதினெட்டு வயதுப் பெண். விசித்திரம் என்னவென்றால் எலும்பு எல்லாம் கரைந்து போய்விட்டது, தலைமுடியும் பல்லும் நகமும் உடுப்பும் மிஞ்சியிருக்கின்றன. குட்டைக் கம்பளிச் சட்டை, நூல் நூலாகத் தொங்கும் பாவாடை, இடுப்பில் வட்டமான வெண்கலப் பட்டை. காலடியில் மரப்பட்டையில் செய்த ஒரு சின்னக் கலயம், அதில் அவளோடு வைத்த பீர் போன்ற பானம். பக்கத்தில் எரித்த ஒரு குழந்தையின் எலும்புகள். பெட்டியின் மேல் ஒரு பூ வைத்திருந்தார்கள், அதை வைத்துத்தான் புதைத்தது கோடைக்காலம் என்று தெரிந்துகொண்டார்கள். பையன் இங்கேதான் போனைப் பையில் போடுவான் என்று நினைக்கிறேன்.

தரங்கம்பாடி: 2017-இல் "காலனிகளின் குரல்கள்" என்ற பொருளில் ஒரு காட்சியைத் திறந்தார்கள். கரீபியத் தீவுகள், கானா, கிரீன்லாந்து, இவற்றோடு நம்ம தரங்கம்பாடியும் உண்டு. போகும் முன் இப்போது எந்தத் தளத்தில் இருக்கிறது என்று அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள், காட்சிகளை அவ்வப்போது மாற்றுவார்கள். இந்த மியூசியத்துக்கும் தரங்கம்பாடிக்கும் உறவு பழைய கதையோடு முடியவில்லை. கடற்கரைப் பக்கம் இருக்கும் டேனிஷ் கவர்னர் பங்களாவைச் சீரமைத்ததில் இவர்களுக்கும் பங்கு உண்டு, அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் அவர் உண்மையில் பார்க்க ஆசைப்படும் பொருள் இந்த மியூசியத்தில் இல்லை. 1620-இல் ரகுநாத நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தமிழில் எழுதி அனுப்பிய பொன் ஓலை, நிஜமான தங்கத் தகட்டில் எழுதியது, தேசிய ஆவணக்காப்பகத்தின் வசம் இருக்கிறது. அது மியூசியம் மாதிரி டிக்கெட் எடுத்து உள்ளே போய்ப் பார்க்கும் இடம் அல்ல. காப்பகத்துக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போட்டு, இப்படி ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், தரங்கம்பாடிப் பக்கத்தவர் என்று எழுதிக் கேளுங்கள். ஒரிஜினலைக் காட்டுவார்களா என்பது அவர்கள் கையில். கேட்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை, இங்கே அரசு அலுவலகத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் வரும்.

கல்லும்_களிமண்ணும்

எல்லோரும் ராஜா ராஜா என்று ஓடுகிறீர்கள், கலை பக்கம் யாரும் வரவில்லை. கிளிப்டோடெக்கை எப்படி விட முடியும்? கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனி வாரிசு கார்ல் யாக்கப்சன் சேர்த்த சிற்பங்கள், நடுவில் கண்ணாடிக் கூரை போட்ட தோட்டம், உள்ளே பனை மரங்கள். அக்டோபர் குளிரில் வெளியே நடுங்கிவிட்டு அதற்குள் நுழைந்தால் வெதுவெதுப்பும் ஈர மண் வாசனையும். அப்பாவை அங்கே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஒரு மணி நேரம் சுற்றலாம். எகிப்து, ரோம் சிற்பங்கள், மாடியில் பிரெஞ்சுக் கலைஞர்கள் கோகன், தெகா. கோகனின் மனைவி டேனிஷ்காரி, அவரே கொஞ்ச காலம் இந்த ஊரில் இருந்து சரிப்பட்டு வராமல் ஓடியவர், அதனால் அவருடைய படங்கள் இங்கே ஏராளம். சிரியாவின் பல்மைராவிலிருந்து வந்த கல்லறை முகங்களைத் தவறாமல் பாருங்கள், சிரியாவுக்கு வெளியே இருக்கும் பெரிய தொகுப்புகளில் ஒன்று. 2015-இல் ஐ.எஸ். தீவிரவாதிகள் அந்த ஊரை உடைத்த பிறகு இந்த முகங்களைப் பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. நகை நட்டெல்லாம் போட்டு, கையைக் கன்னத்தருகே வைத்துக்கொண்டு நம்மைப் பார்க்கும் பெண்கள்.

அப்புறம் கடற்கன்னி சிலையைக் கிண்டல் செய்கிற கணக்குப்பிள்ளைக்கு: அதைச் செய்யச் சொல்லிக் காசு கொடுத்ததும் இதே யாக்கப்சன்தான், 1913-இல் வைத்தார்கள். 1964-இல் தலையை அறுத்துக்கொண்டு போனார்கள், புதுத் தலை வார்த்து ஒட்டினார்கள். அழகுக்காக இல்லை, அந்தக் கதைக்காகவே ஒருமுறை போகலாம்.

லூசியானாவை யாரும் சொல்லாததுதான் பெரிய அநியாயம். ஹும்லெபெக்கில் கடலோரம், ரயிலில் 35 நிமிஷம். வெள்ளிக்கிழமை இரவு 10 மணி வரை திறந்திருக்கும். கண்ணாடி நடைபாதைகளாலேயே கட்டடங்களை இணைத்திருக்கிறார்கள், மழை பெய்தாலும் தோட்டத்துக்குள் நடக்கிற மாதிரி இருக்கும். சிற்பி ஜியாகோமெட்டியின் ஒல்லியான மனிதச் சிலைகள் குளத்தைப் பார்த்த ஜன்னல் முன்னால் நிற்கும் அறை ஒன்று உண்டு, அதற்காக மட்டுமே போகலாம். குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, களிமண், பெயிண்ட் எல்லாம் கொடுத்து உட்கார வைப்பார்கள்.

கணக்குப்பிள்ளை

தலை போன கதையை இங்கேயே படித்தாயிற்று, இனி எதற்குப் போக வேண்டும்?

லூசியானா நல்ல இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் ரோசன்போர்க், டேவிட், வட்டக் கோபுரம் எல்லாம் முடித்த அதே வெள்ளிக்கிழமை இரவு அறுபது எழுபது வயதுக்காரரை ரயிலேற்றி நவீன ஓவியம் காட்டினால் அடுத்த நாள் அவர் ஓட்டலை விட்டு வரமாட்டார். கிளிப்டோடெக் சரி, தேசிய மியூசியத்திலிருந்து நடக்கிற தூரம், சனி மதியம் வைத்துக்கொள்ளலாம்.

மாயவரத்துக்காரி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். புதிய எருசலேம் தேவாலயத்து எழுத்தைச் சொன்னதும் "அது F4, எனக்குத் தெரியாதா" என்று கோபம். ஆனால் ராஜாவின் சமாதி ரொஸ்கில்டேயில் இருக்கிறது என்பது புதுச் செய்தியாம், அதற்கு மட்டும் கட்டாயம் போக வேண்டும் என்கிறார். பொன் ஓலைக்கு மின்னஞ்சலை அவரே எழுதுகிறார், அசல் ஆசிரியர் ஆங்கிலத்தில், இரண்டு பக்கத்தைத் தாண்டிவிட்டது.

லூசியானாவை யோசிக்கிறேன். கணவர் வெள்ளி மாலை சீக்கிரம் வந்தால் அப்பாவையும் பையனையும் அவரிடம் விட்டுவிட்டு நான் மட்டும் போகலாமா என்று ஒரு ஆசை. தனியாக இரவு ரயிலில் திரும்புவது பரவாயில்லையா? சைவச் சாப்பாட்டையும் யாரும் சொல்லவில்லை.

வடகடல்வாசி

தாராளமாகப் போங்கள், அந்த ரயிலில் இரவு ஒன்பது பத்து மணிக்கும் லூசியானாவிலிருந்து திரும்புகிற கூட்டம் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை.

சாப்பாடு: நோர்ரபோர்ட் பக்கத்திலேயே டோர்வஹாலர்ன என்ற கண்ணாடிச் சந்தை, வெள்ளிக்கிழமை மதியத்துக்கு அதுவே போதும், சைவம் கிடைக்கும். நோர்ரப்ரோ பக்கம் போனால் ஃபலாஃபல் கடை வரிசையாக இருக்கும், வயிறு நிறையும், விலையும் மற்ற இடங்களைவிடக் குறைவு. திறந்த சாண்ட்விச் என்று அவர்கள் பெருமையாகச் சொல்வதில் பெரும்பாலும் மீனும் இறைச்சியும்தான், உருளைக்கிழங்கு வைத்தது ஒன்று உண்டு, கேட்டு வாங்குங்கள். மேலே பன்றி இறைச்சித் துணுக்கு தூவுகிற கடைகள் உண்டு, அதையும் சேர்த்துக் கேளுங்கள். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம், பாட்டில் வாங்கிக் காசை விடாதீர்கள்.

அப்பாவுக்கு இன்னும் சில இடங்கள், டிக்கெட் இல்லாதவை. வியாழக்கிழமை கிறிஸ்டியான்ஸ்போர்க் கோபுரத்தில் ஏறினால் பக்கத்திலேயே பழைய பங்குச்சந்தைக் கட்டடம் தெரியும், இதுவும் நான்காம் கிறிஸ்டியான் கட்டியதுதான். நான்கு டிராகன்களின் வாலைப் பின்னி முறுக்கிய மாதிரி ஒரு கோபுர உச்சி அதற்கு இருந்தது, 2024 ஏப்ரல் 16 அன்று தீப்பிடித்து அந்த உச்சி சாலையில் விழுந்தது. வழியில் போனவர்கள்கூட உள்ளே ஓடிப் போய் ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இப்போது திருப்பிக் கட்டுகிறார்கள், சாரத்தைத்தான் பார்க்கலாம். அதைத் தாண்டிப் பாலத்தைக் கடந்தால் கிறிஸ்டியான்ஸ்ஹவ்ன், கால்வாய்ப் பகுதி. அங்கே ஆசியாட்டிஸ்க் பிளாட்ஸ் என்ற இடத்தில் டேனிஷ் ஆசியக் கம்பெனியின் கிடங்கு இன்னும் நிற்கிறது, அந்த வளாகத்தில் இப்போது வெளியுறவு அமைச்சகம். இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த சரக்கை இறக்கிய துறை அது.

இன்னொன்று அமாலியன்போர்க் அரண்மனைச் சதுக்கத்தின் நடுவில் இருக்கும் குதிரை வீரர் சிலை, ஐந்தாம் பிரெடெரிக் ராஜாவுடையது. பகல் 12 மணிக்குக் காவலர் மாறுவதைப் பார்க்கத்தான் எல்லோரும் அங்கே போவார்கள். அந்தச் சிலைக்குச் செலவு முழுக்கக் கொடுத்தது அதே ஆசியக் கம்பெனி. தரங்கம்பாடி வியாபாரத்தில் வந்த காசும் அந்தக் குதிரையில் இருக்கிறது என்று அப்பா சொல்லிக்கொள்ளலாம், யாரும் மறுக்க மாட்டார்கள்.

பனங்காட்டான்

அக்கா, ஒரு சின்ன விசயம். அக்டோபர் கடைசி ஞாயிறு விடிய இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவினம். உங்கட ஞாயிறு அதே ஞாயிறு எண்டால், போன் தானாக மாறிவிடும், அப்பாவின்ரை கைக்கடிகாரம் மாறாது. அண்டைக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னமே சூரியன் மறைஞ்சுவிடும், அதாலை ரொஸ்கில்டேக்குக் காலையிலேயே வெளிக்கிடுங்கோ. கடலோரக் காற்று சரியான குளிர். குடையைக் கொண்டுபோகாதையுங்கோ, காற்றுக்கு நிக்காது, தொப்பி வைத்த மழைக்கோட்டுத்தான் சரி.

மாயவரத்துக்காரி

குறித்துக்கொண்டேன். ரோசன்போர்க்குக்கு வெள்ளி காலை முதல் நேரத்துக்கே டிக்கெட் போட்டாயிற்று. கார்டு வாங்கவில்லை, கணக்குப்பிள்ளை சொன்ன மாதிரி தாளில் கூட்டிப் பார்த்தேன், அப்பாவின் வேகத்துக்குத் தனித்தனி டிக்கெட்தான் மலிவு. ஆவணக்காப்பகத்திலிருந்து பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.